கால்கள் கேட்கும் முக்காலி

தோழனே!

புளியங்குடியில் கூட்டம் முடிந்தது. மாலை வந்தது, துண்டு வந்தது, கைத்தட்டல் வந்தது, ‘வாழ்க’ வந்தது. எல்லாம் வந்த பிறகு பேருந்து மட்டும் வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் மதுரைக்குப் போகிற வண்டிக்காக ஒரு தேநீர்க் கடையோரம் ஒதுங்கி நின்றேன். மேடையில் ஒரு மணி நேரம் நின்று பேசியதற்கே என் முழங்கால் முறையிட்டுக்கொண்டிருந்தது. கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தம்பி, தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, “உக்காருங்க அண்ணாச்சி, கால் கடுக்கும்லா?” என்றான்.

நான் உட்கார்ந்தேன். அவன் நின்றான்.

“எப்போதிலிருந்து நிற்கிறாய் தம்பி?” என்று கேட்டேன்.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தேன் அண்ணாச்சி. விடியக்காலம் வண்டியெல்லாம் பாத்துட்டு அஞ்சு மணிக்குப் போவேன்.”

விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து மணி நேரம்! “அவ்வளவு நேரமும் நின்றுகொண்டா?” என்றேன். என் அறியாமையைப் பார்த்துச் சிரித்தான். “உக்காந்தா டீ யாரு ஆத்துவா?”

சற்று முன்தான் தோழனே, அதே ஊரில், அந்தக் கடைக்கு எதிர்த்தாற்போல், ஒலிபெருக்கி அதிர அதிர உழைப்பாளியின் உரிமையைப் பற்றி முழங்கினேன். நெசவாளியைச் சொன்னேன், பீடித் தொழிலாளியைச் சொன்னேன், வயலில் வேகும் தோழனைச் சொன்னேன். என் தொண்டை காய்ந்தபோது மேடைக்கு ஏறி வந்த தேநீரை மடமடவென்று குடித்தேன். அதை ஆற்றிய கையைப் பற்றி ஒரு சொல்? ஒரே ஒரு சொல்? இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

புளியங்குடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூருக்கும் கடையநல்லூருக்கும் நடுவே இருக்கிற ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்தது. எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். அந்த எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனிக்குக் கிடைத்துவிட்டது முத்திரை! அந்தக் கனியைப் பிழிந்து சர்பத் கலக்கிக் கொடுக்கிறவனுக்கோ, தான் அந்தக் கடையில் வேலை செய்கிறான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது.

மூட்டை சுமப்பவர் கையில் ஒரு கிளாஸ், லாரி ஓட்டுநர் கையில் ஒரு கிளாஸ், வியாபாரி கையில் ஒரு கிளாஸ். ஊர் விழிக்குமுன் பாய்லர் விழிக்க வேண்டும், ஊர் உறங்கிய பின்னும் பாய்லர் உறங்கக் கூடாது. பாய்லருக்கு அலுப்பில்லை, அது பித்தளை. பக்கத்தில் நிற்பவன்?

நம் இயக்கத்திற்கும் உணவு விடுதிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணருக்கு’ என்று ஒரு பகுதியும் மற்றவருக்கு வேறு பகுதியும் இருந்த காலம் உண்டு. ஒரே வண்டியில் ஏறி, ஒரே விலை கொடுத்துச் சீட்டு வாங்கி, ஒரே நிலையத்தில் இறங்கினவர்கள், இட்லி தின்னும்போது மட்டும் வேறு வேறு மனிதர்கள் ஆனார்கள். பெரியார் எதிர்த்தார், ஏடுகள் எழுதின, 1941இல் அந்தப் பிரிவினை எடுபட்டது. பெயர்ப் பலகையில் ‘பிராமணாள்’ என்று போட்டுக்கொண்ட விடுதிகள் அதற்குப் பிறகும் இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபே முன்னால் தொடங்கிய மறியல் மாதக் கணக்கில் நடந்தது. நாள்தோறும் தோழர்கள் போனார்கள், நாள்தோறும் சிறை புகுந்தார்கள். கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கிற்று.

ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் இதைவிடக் கொடுமை. இரட்டைக் குவளை! சேரித் தோழனுக்குத் தனிக் கிளாஸ், தரையில் இடம், குடித்து முடித்தால் அவனே கழுவி வைக்க வேண்டும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கடையும் விடுதியும் எல்லார்க்கும் பொது என்று பதினைந்தாம் பிரிவில் எழுதிற்று, பதினேழாம் பிரிவில் தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் தண்டிக்கும் சட்டமும் வந்தது. அதற்கு அஞ்சிக் கண்ணாடிக் கிளாஸை ஒளித்துவிட்டுக் காகிதக் கோப்பையை நீட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு.

இதையெல்லாம் ஏன் அடுக்குகிறேன்? உண்பவன் உட்காரும் உரிமைக்காக நாம் போராடினோம். மேசையில் சமமாக, பந்தியில் சமமாக, பெஞ்சில் சமமாக. பெரும்பாலும் வென்றோம், மிச்சமும் வெல்வோம். ஆனால் பரிமாறுபவன் உட்காரும் உரிமையை நாம் எண்ணிப் பார்த்தோமா? பலகையில் எழுத்து மாறிற்று. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கணக்கு மாறவில்லையே!

அந்த வேலை என்ன வேலை என்று தெரியாமலே நாம் தின்று எழுந்து வருகிறோம். பரோட்டா மாஸ்டரைப் பார். பிற்பகலிலேயே மாவு பிசைய ஆரம்பிப்பான். மைதா, உப்பு, எண்ணெய், தண்ணீர். கை சொல்கிற பதம் வரும்வரை அடித்துப் பிசைந்து, ஈரத் துணி போர்த்தி ஊற வைத்து, உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் தட்டி, விசிறி போல் வீசி, கண்ணாடி போல் மெலிந்ததும் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டு, வெந்ததை நாலைந்தாக அடுக்கிப் பக்கவாட்டில் இரு கையாலும் ஓங்கி அடிக்க வேண்டும். ஆறிய பரோட்டாவை அல்ல தோழனே, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு! உள்ளங்கை காய்த்துப்போய்ச் சூடு உறைக்காமல் போனவன்தான் தேர்ந்த மாஸ்டர். தோள்பட்டை நாற்பது வயதில் மறுக்கும். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது, நல்ல அறிவிப்பு. சித்திரை வெயிலில் கல்லடுப்பின் முன்னால் நிற்பவனுக்கோ ஆண்டு முழுவதும் அந்தப் பேரிடர்தான்.

சப்ளையர் வேலையும் அப்படித்தான். ஏழு மேசை, இருபத்தெட்டுப் பேர், ஒவ்வொருவர் நாக்குக்கும் ஒரு சட்டம். ‘சால்னா தனியா’, ‘ஆம்லெட்டில் மிளகு கூட’, ‘காப்பியில் சர்க்கரை கம்மி’. காகிதம் பென்சில் இல்லாமல் அத்தனையும் தலையில் ஏற்றி, அடுக்களையில் இறக்கி, கணக்குப் பிசகாமல் கல்லாவில் சொல்ல வேண்டும். பிசகினால்? அந்தத் தொகை அவன் கூலியில் கழியும்.

எனக்கு இது கேள்விச் செய்தி அல்ல. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்த கோடையில் ஒரு காப்பிக் கடையில் இரண்டு மாதம் வேலைக்கு நின்றேன். ‘வேலைக்கு நிற்பது’ என்கிறோம் பார், நம் மொழியே உண்மையைச் சொல்லிவிடுகிறது! கடையின் பெயர் வேண்டாம். உடைந்த கிளாஸ் எத்தனை என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் என் பெயருக்கு நேரே பதினொரு கோடு. ஆறு நான் உடைத்தவை, மீதி எவர் உடைத்தவையோ. கேட்டேன், “எதிர்த்துப் பேசாதே” என்றார்கள். நான் மேடையேறி எதிர்த்துப் பேசப் பழகியது அந்தச் சுவரைப் பார்த்துத்தான் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முழு வேடிக்கையும் அல்ல.

புளியங்குடியிலிருந்து தெற்கே போனால் தென்காசி, குற்றாலம். ஆனி ஆடியில் சாரல் விழுந்ததும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கூட்டம் நெருக்கியடிக்கும். நனைந்த உடம்புக்கு உடனே பசிக்கும். பிரானூர் பார்டரில் கோழிக்கும் பரோட்டாவுக்கும் வரிசை கட்டி நிற்பார்கள். அது ஏன் ‘பார்டர்’ என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி: செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் நம் மாநிலத்தோடு இணைந்தது. எல்லை போய்விட்டது, பெயர் மட்டும் பரோட்டாவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தச் சீசனுக்கென்று சுற்றூர்களிலிருந்து தோழர்கள் வேலைக்குப் போகிறார்கள். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். இந்த இரண்டு அலைகளில் சம்பாதித்து ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும். அலை பொய்த்தால்? 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போயிற்று. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். போட்டே ஆக வேண்டிய தடை, குறை சொல்லவில்லை. ஆனால் அருவிக்கு ஆள் வராத நாளில் கடைக்கு வேலையாள் தேவையில்லை. தண்ணீர் வராவிட்டாலும் கூலி இல்லை, தண்ணீர் மிகுந்து வந்தாலும் கூலி இல்லை! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது என்ன பட்டிருப்பார்கள் என்று நீயே எண்ணிப் பார்.

“சட்டம் இல்லையா?” என்று கேட்பாய். இருக்கிறது தோழனே, இருக்கிறது! உணவு நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம், 1958இல் இயற்றியது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்று அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2023 ஏப்ரலில் ஆலை வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் ஆக்க இடம் தரும் மசோதா சட்டமன்றத்தில் வந்தபோது கொதித்தெழுந்தோம், தொழிற்சங்கங்கள் முழங்கின, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. நல்லதே நடந்தது. ஆனால் மசோதாவே இல்லாமல், சட்டத்திற்கு எதிராக, பதினைந்து மணி நேரம் நிற்கிற தம்பிக்காக எந்தச் சங்கம் முழங்கிற்று? 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். நாமும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். கொண்டாடிவிட்டு எங்கே போகிறோம்? டீக் கடைக்கு! மே நாளன்று நமக்கு டீ கொடுப்பவனுக்கு விடுமுறை உண்டா என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

குறைந்தபட்ச ஊதியம் 1948லேயே சட்டமாயிற்று. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்து அமர்ந்திருக்கிறது. (சட்டத்திற்குக்கூட அமர இடம் கிடைக்கிறது, பார்த்தாயா!) பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் பெற வழி உண்டு. அதனால்தான் பல கடைகளின் ஏட்டில் எப்போதும் ஒன்பது பெயர்தான் இருக்கும். சமையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, பதிந்தவர்களுக்கு உதவி கிடைக்கிறது. பதியச் சொல்லிக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திற்று. நாள் முழுவதும் நிற்கும் பணியாளர்க்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கேரளம் 2018லேயே செய்தது. துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்ற நம் தங்கைக்கு ஒரு முக்காலி வந்தது. அந்த முக்காலி ஏன் பாய்லர் பக்கத்திற்கும் வரக்கூடாது? கல்லடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே ஒன்றரை அடி இடம் கிடைக்காதா?

சிறுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 அக்டோபர் 10 முதல் விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். 2016இல் எல்லாத் தொழிலுக்கும் அந்தத் தடை நீண்டது. இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். ‘டேய் பையா’ என்று கூப்பிடும் வழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அப்படிக் கூப்பிடுவது நாற்பது வயதுக்காரரை!

பெருநகர விடுதிகளில் வேறொரு வேடிக்கை. பில்லின் அடியில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகையைச் சேர்த்துவிடுவார்கள். சேவை செய்தது யார்? சர்வர். சேவைக் கட்டணம் போவது? அதுதான் மர்மம்! கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. விடுதிக்காரர்கள் வழக்காடினார்கள். அந்த நெறிமுறை செல்லும் என்று 2025 மார்ச் 28இல் டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்பவர் பாடு தீர்ந்தது, சர்வர் பாடு நீதிமன்றம் ஏறவில்லை. புளியங்குடியில் அந்த வம்பே இல்லை. தட்டோரத்தில் கிடக்கும் ஒற்றை நாணயந்தான் சேவைக் கட்டணம்.

“இவர்களா சங்கம் வைப்பார்கள்? இன்று இந்தக் கடை, நாளை வேறு கடை” என்று கையை விரிப்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1936இல் பம்பாயில் காப்பி வரிக் குழு ஒரு காப்பி விடுதி திறந்தது. பிறகு காப்பி வாரியத்தின் கீழ் நாடெங்கும் ‘இந்தியா காபி ஹவுஸ்’ பரவிற்று. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூடத் தொடங்கிற்று, சர்வர்களும் சமையல்காரர்களும் தெருவில் நின்றார்கள். பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டி, “வேலை கேட்காதீர்கள், விடுதியைக் கேளுங்கள்” என்ற போக்கில் வழிகாட்டினார். தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் சங்கம் பிறந்தது. அக்டோபரில் டில்லியில் விடுதி திறந்தது. 1958 மார்ச் 8இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் விடுதி. எச்சில் கோப்பை எடுத்த கை கணக்குப் புத்தகத்தை எடுத்தது. அந்த விடுதிகள் கேரளம் எங்கும் பெருகின. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய வட்டக் கோபுர விடுதியில் நானே காப்பி குடித்திருக்கிறேன். ஒன்றுதான் உறுத்திற்று: முதலாளி போன பிறகும் விசிறி வைத்த அந்தத் தலைப்பாகை போகவில்லை! பங்குதாரர் எதற்குத் தர்பார்ச் சேவகன் போல் நிற்க வேண்டும்? பரிமாறிய தோழரிடமே கேட்டேன். “இது எங்க அடையாளம் சார்” என்று பெருமையோடு சொன்னார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் தலை, அவர் தலைப்பாகை!

புளியங்குடிக்கு அண்டை ஊரான கடையநல்லூரையும் தென்காசியையும் பார். அங்கிருந்து முஸ்லிம் தோழர்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை சுமக்க, பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். போன இடத்திலும் ஊர்ப் பெயராலேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டின் இரு பக்கமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற உணவுதான் ‘நாசி கண்டார்’. கண்டார் என்றால் அந்தத் தண்டு. தோளில் சுமந்த சோறு இன்று அந்நாட்டின் பெருமைக்குரிய உணவாகிவிட்டது.

அன்று நாம் கடல் கடந்து போய்க் கோப்பை கழுவினோம். இன்று ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தம்பிகள் வந்து நம் ஊரில் கோப்பை கழுவுகிறார்கள். 2023 மார்ச்சில் ‘தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள்’ என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள் சிலர். பொய் என்று அம்பலமாயிற்று. நான் கேட்பது வேறு: அவன் குறைந்த கூலிக்கு நிற்கிறான் என்று அவன்மீது கோபப்படும் தோழனே, அவனுக்குக் குறைந்த கூலி நிர்ணயித்தவன் எந்த ஊர்க்காரன்? இந்தி திணிக்கப்படுவதை எதிர்ப்போம். இந்தி பேசும் வயிறு நமக்குப் பகையன்று.

கடை முதலாளிகளும் பெரும்பாலும் நம்மவர்களே, நம் கூட்டத்திற்கு நன்கொடை கொடுப்பவர்களே. அவர்களில் பலரும் மேசை துடைத்து மேலே வந்தவர்கள். எரிவாயு விலையும் எண்ணெய் விலையும் வாடகையும் அவர்கள் கழுத்தையும் நெரிக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பெரிய மாளிகைக்காரர்களைத் திட்டுவது எளிது. தினமும் ‘வணக்கம் அண்ணாச்சி’ சொல்கிற கடைக்காரரிடம் போய், “உங்கள் மாஸ்டருக்கு வாரம் ஒரு நாள் விடுங்கள், ஒரு முக்காலி போடுங்கள், வருகை ஏட்டில் பெயரை எழுதுங்கள்” என்று சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். கிளைக் கழகத் தோழர்கள் மாலையில் கூடிப் பேசும் இடமே அந்த பெஞ்சுதானே? அங்கேயே தொடங்கட்டும். அடுத்த வாரம் நல வாரிய விண்ணப்பத்தை நாலு படி எடுத்துக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாத தோழருக்கு எழுதிக் கொடுங்கள்.

வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் ஆரன் அடித்தார். காசை நீட்டினேன், வாங்க மறுத்தான் தம்பி. “பேச்சு முழுக்க இங்கனயே நின்னு கேட்டேன் அண்ணாச்சி. நல்லாருந்துச்சு” என்றான். எனக்குச் சுருக்கென்றது. காசைக் கல்லா மேல் வைத்துவிட்டு, “உன்னைப் போன்றவர்களை மட்டும் கூட்டி இங்கே ஒரு கூட்டம் போடலாம் தம்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா” என்றேன்.

பாய்லரில் தண்ணீர் ஊற்றியபடியே யோசித்தான்.

“ஞாயித்துக்கிழமையா அண்ணாச்சி? அன்னைக்கு யாவாரம் கூடல்லா, விட மாட்டாகளே. ராத்திரி மூணு மணிக்கு மேல வச்சா எல்லாரும் வருவோம்.”